சனிக்கிழமை எழுதுவதில்லை

ஏப்ரல் 28, ஞாயிறு

புது நோட்டு. பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் இயற்பியல் மதிப்பெண் இருக்கிறது. அதோடு அது முடிந்துபோனது நல்லதுதான்.

தமிழில் எழுதுவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் எனக்கு வரும். அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் என் கையெழுத்து அவருக்குப் பிடிபடாது. என் சிநேகிதி இலானா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாலும் அவளுக்கு இது ஜிலேபிதான். அவளும் இங்கே வருகிற மற்றவர்களும் என்னோடு பேசுவதெல்லாம் இந்தி. நான் தமிழாக்கித்தான் எழுதிக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது மும்பையின் பழைய பகுதியில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், யூதர்களின் ஜெப ஆலயக் காம்பவுண்டுக்குள். அம்மா அதைக் கோயில் என்றுதான் சொல்வாள். அப்பா இங்கே காவலாளி. துடைப்பது, குழாய் ரிப்பேர், தோட்டம் எல்லாம் அவர்தான். எனக்கு நாலு வயதாக இருந்தபோது வந்தோம். பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே கும்பிட வருகிறவர்கள் மராத்தி பேசும் யூதர்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கப்பல் உடைந்து கொங்கணக் கரையில் ஒதுங்கியவர்களின் வாரிசுகள் என்று அவர்களே சொல்வார்கள்.

இன்று இளைஞர் சங்கக் கூட்டம். நான் வழக்கம்போல் கடைசி பெஞ்சில் இருந்தேன். சங்கத்தின் பதிவேட்டில் என் பெயர் கிடையாது, ஆனால் யாரும் எழுந்து போகச் சொன்னதும் கிடையாது. சங்கத்தை நடத்துகிற ரூபென் அண்ணன் மே 9 முதல் 12 வரை அலிபாக் பக்கம் கடற்கரை பங்களாவில் முகாம் என்று அறிவித்தார். அந்தக் கப்பல் ஒதுங்கிய கரைக்குப் பக்கம்.

"கடல்ல குளிக்கலாமா?" என்றான் ஷிம்ஷோன்.

"நீ இங்கயே குளிக்கிறதில்ல. அங்க போய் எதுக்கு?" என்றாள் இலானா.

பிறகு என் பக்கம் திரும்பி, "சம்பா, நீயும் வந்தா நல்லாருக்கும்," என்றாள். என் பெயர் செண்பகவல்லி. செண்பகத்துக்கு இந்தியில் சம்பா என்பதால் எட்டு வருஷமாக அவளுக்கு நான் சம்பாதான்.

போன வருஷ முகாமுக்கு அவர்கள் கிளம்பியபோது கேட்டைத் திறந்துவிட்டதும் நான்தான், மூடியதும் நான்தான். இந்த வருஷம் போக வேண்டும். இதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் திரும்பத் திரும்ப நினைக்காமல் இருக்கலாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பள்ளி இல்லை. காலையில் பெண்கள் அமரும் மாடி வரிசையின் பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்த்தோம். விரல் இன்னும் புளிக்கிறது.

சாயங்காலம் ரூபென் அண்ணன் வந்து அப்பாவோடு கிணற்றடியில் நின்று பேசினார். அப்பா பல தடவை தலையை ஆட்டினார். அவர் போன பிறகு அம்மாவிடம் சொன்னார்:

"என்னய கேம்புக்குக் கூப்பிடுதாவ. சனிக்கிழமைக்கு ஒரு ஆள் வேணுமாம். நான் அங்க போனா இங்க சனிக்கிழமை யாரு பாப்பா? ஏலாதுன்னுட்டேன்."

அப்பாவை மட்டும் கூப்பிட்டார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்குக் கடலென்றாலே பிடிக்காது.

மே 2, வியாழன்

கூப்பிட்டுவிட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரூபென் அண்ணன் வந்து, "செண்பகம், நீ எங்களோட கேம்புக்கு வர்றியா? உன் அப்பாகிட்ட பேசிட்டேன். நீ கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம்," என்றார். தொட்டி வழிந்து என் செருப்பு நனைந்ததை அவர்தான் காட்டினார்.

இலானாவுக்கு போன் செய்தேன். "எனக்குத் தெரியுமே, நான்தான் சொன்னேன் அவர்கிட்ட," என்றாள். அவள்தான் சொல்லியிருக்கிறாள். இதை நான் மறக்கக் கூடாது.

அப்பா அவ்வளவாகச் சந்தோஷப்படவில்லை. நாள் முழுக்க வெயிலில் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார், அதனால் இருக்கும்.

மே 3, வெள்ளி

எடுத்துப் போக வேண்டியவை: முழுக்கை சட்டை இரண்டு, சீப்பு, பென்சில், இந்த நோட்டு, ஆலயம் பழையதென்று கழித்துக் கொடுத்த ஜெபப் புத்தகம். அதில் அட்டை இல்லை, உள்ளே எல்லாம் இருக்கிறது. எபிரேய எழுத்து எனக்கு நன்றாக வரும். வலமிருந்து இடமாகப் படிப்பது பழகிவிட்டால் சுலபம். ஒன்பது வயதில் ஞாயிறு வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கற்றுக்கொண்டேன். அந்த வருஷம் அந்த ஜன்னலடிச் செடி அழுகிப் போனது.

மணி ஆறரை. நிறுத்துகிறேன்.

மே 5, ஞாயிறு

நேற்று அம்மாவுக்கும் எனக்கும் தகராறு. குளியலறையில் விளக்குப் போடாமல் குளித்தேன். சோப்பை மிதித்து வழுக்கி விழுந்தேன்.

"ஏட்டி, சனிக்கெழமையானா ஒனக்கு மட்டும் கை ஒடிஞ்சி போவுதோ? சுவிட்ச்சத் தொட மாட்டேங்கிற, பேனாவத் தொட மாட்டேங்கிற, மிக்ஸியக் கண்டா ஓடுத. பெருமாளுக்கு விரதம்னா சொல்லு, நானும் கூட இருக்கேன்."

அம்மாவுக்கு விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதிலிருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரை அவர்களுக்கு ஓய்வுநாள். ஷபாத். அன்று விளக்குப் போடக் கூடாது, அணைக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, எழுதக் கூடாது. அதற்குத்தான் அப்பா. ஆனால் அப்பாவிடமும் 'போடு' என்று சொல்லக் கூடாது, அதுவும் அவர்களே செய்ததாக ஆகிவிடுமாம். அதனால், "மாடி இன்னைக்கு இருட்டா இருக்கே," என்று காற்றைப் பார்த்துச் சொல்வார்கள். அப்பா எழுந்து போய்ப் போட்டுவிட்டு வருவார். இதில் யாருக்கும் சங்கடம் கிடையாது. சின்ன வயதில் எனக்கு இது ஒரு விளையாட்டு. சொல்கிறவர் முடிப்பதற்குள் ஓடிப்போய்ப் போடுவேன்.

போன அக்டோபரிலிருந்து நான் போடுவதில்லை. நானும் கடைப்பிடிக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. இலானாவிடம் கூட. ஏழு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டுச் சொன்னால்தான் மதிப்பு என்று நினைத்தேன். முகாமில் சொல்லிவிடலாம்.

பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். சனிக்கிழமையில் ஒரு வரி கூட இல்லை.

மே 7, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் முகாம் பட்டியல். ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டுப் பெயர்கள். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எண் இல்லாமல், 'செண்பகம், இசக்கி அண்ணனின் மகள்'. தட்டச்சு செய்த பிறகு சேர்த்திருப்பார்கள்.

பக்கத்தில் வேலைப் பட்டியலும் இருந்தது. பாத்திரம் கழுவ, காய் நறுக்க, மணி அடிக்க, வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கு. எதிலும் நான் இல்லை. இரண்டு தடவை தேடினேன். வெள்ளிப் பாட்டைத் தனியாகப் பாடப்போவது இலானா. மூன்றாவது வரியில் அவள் ஒரு சொல்லை விழுங்கிவிடுகிறாள். ஒரு மணி நேரம் திருத்தினேன். "நீ டீச்சர் மாதிரி உயிரை எடுக்கிற," என்று சொல்லிவிட்டு எனக்குக் குச்சி ஐஸ் வாங்கித் தந்தாள்.

ரூபென் அண்ணனிடம் போய்க் கேட்டேன், "எனக்கு ஒரு வேலையும் போடலையா?"

அவர் சிரித்தார். "உனக்கு எல்லாத்தையும் விட முக்கியமான வேலை இருக்கு."

என்னவென்று சொல்லவில்லை. இலானாவுக்குத் தொண்டை கட்டினால் பாடுவதற்காக இருக்குமோ? மூன்றாவது வரி எனக்குத் தெளிவாக வரும்.

மே 8, புதன்

அம்மா முறுக்குச் சுட்டாள். அங்கே வெளிச் சமையல் அனுமதியில்லை, சமையல் விதிகள் உண்டு என்றேன். "எம் முறுக்குல என்னட்டி விதி?" என்று டப்பாவை மூடிவிட்டாள். இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும், "அங்க போயி அவிய சொல்லுதத கவனமாக் கேட்டுக்கோ, என்ன?" என்றார். எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு அலுப்பு.

மே 9, வியாழன்

படகில் எழுதியது. கையெழுத்து ஆடுகிறது.

இவர்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். மனிதர்களை எண்ணுவது ஆகாது என்று ஒரு வழக்கம். பத்துச் சொற்கள் உள்ள ஒரு வேத வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாக விரல் நீட்டுவார்கள். வசனம் முடிந்தால் பத்துப் பேர். ஏறும்போது ரூபென் அண்ணன் அப்படித்தான் எண்ணினார். ஒரு முழு வசனம், பிறகு நாலு சொல். எனக்கு முன்னால் இருந்தவளுக்கு ஒரு சொல், எனக்குப் பின்னால் இருந்த ஷிம்ஷோனுக்கு ஒரு சொல். நடுவில் விரல் என்னைத் தாண்டிவிட்டது. படகுக்காரர் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தார்.

கடல் பழுப்பு நிறம். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இலானா என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள், எச்சில் வேறு.

மே 10, வெள்ளி

பங்களா பழையது. பெரிய கூடம், நான்கு ஃபேன், சுற்றிலும் தென்னை, வாசலில் ஒரு பெரிய புன்னை மரம். காலையில் கபடி. எங்கள் அணி தோற்றது, காரணம் நான்.

ரூபென் அண்ணன் மணக்கப்போகிற லவினா அக்காவும் வந்திருக்கிறார். வசாய்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். யூத மார்க்கத்தில் சேர இரண்டு வருஷமாகப் படிக்கிறார். இன்னும் முடியவில்லை. என் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இதையா படிக்கிற? நான் இன்னும் முதல் பக்கத்திலேயே தடுமாறுறேன்," என்றார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

மதியம் ரூபென் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெயின் சுவிட்ச் எங்கே, கூடத்து ஃபேன் எந்தப் பொத்தான், உணவைச் சூடாக வைக்கும் மின் தட்டு எது என்று காட்டினார். "தெரிஞ்சு வச்சுக்கோ. நாங்க எல்லாத்தையும் போட்டுட்டுத்தான் ஷபாத்துக்குள்ள போவோம். சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

பாதுகாப்புக்கு. பழைய வீடு, மின்கசிவு ஏதாவது இருக்கலாம். பொறுப்பான ஒருவருக்குத் தெரிந்திருப்பது நல்லதுதான்.

மணி ஆறே கால். மெழுகுவத்தி எடுத்து வைக்கிறார்கள். நிறுத்துகிறேன்.

மே 12, ஞாயிறு

விடிந்ததும் எழுதுகிறேன். எல்லாரும் தூங்குகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நன்றாகத்தான் இருந்தது. இலானா பாடினாள். மூன்றாவது வரியில் சொல்லை விழுங்கவில்லை, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மேஜையைத் தட்டித் தட்டி எல்லாரும் பாடியபோது நானும் பாடினேன். அதை மறக்காமல் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

சனிக்கிழமை காலை நாங்கள் மொட்டை மாடியில் ஜெபத்தில் இருந்தோம். பங்களாக் காவல்காரர் கூடத்துக்குள் வந்திருக்கிறார். ஆளில்லாமல் நான்கு ஃபேன் ஓடுவதைப் பார்த்துப் பதறி எல்லாவற்றையும் அணைத்திருக்கிறார். மின் தட்டையும் சேர்த்து. அணைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கினால் கூடம் அடுப்பு மாதிரி இருந்தது. கூடத்துக்கு மட்டும் ஓட்டுக் கூரை. எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஃபேன் இறக்கைகள் சும்மா நின்றன.

இலானா உத்தரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னைக்கு ரொம்பப் புழுக்கமா இருக்கு இல்ல?"

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். அந்தக் குரலும் தெரியும். நாலு வயதிலிருந்து தெரியும். அப்பாவிடம் பேசுகிற குரல் அது.

நான் "ஆமா இலானா, ரொம்பப் புழுக்கம்," என்றேன்.

ஷிம்ஷோன் சட்டைக் காலரை விசிறிக்கொண்டே, "காத்தே இல்லப்பா. காத்து வந்தா எவ்வளவு நல்லாருக்கும்," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்கள்.

ரூபென் அண்ணன் தொண்டையைச் செருமி, "சாப்பாடு ஆறிடும்னு தோணுது," என்றார்.

"ஆறிடும்தான்," என்றேன்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. பதினான்கு பேரும் என்னைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரிலும் சின்னவள் ரூபிக்குப் பதினொரு வயது. உடம்பெல்லாம் வேர்க்குரு. அவள் சொறிந்து சொறிந்து அழ ஆரம்பித்தாள். சுவர்ப் பொத்தான் எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "சம்பா, ஃபேனைப் போடேன்," என்று நேராகக் கேட்டிருந்தால் ஏழு மாதத்தை விட்டுவிட்டுப் போட்டிருப்பேன். நேராகக் கேட்கத்தான் அவர்களால் முடியாது.

ரூபியின் கையைப் பிடித்து வாசலுக்கு, புன்னை மர நிழலுக்குக் கூட்டிப் போனேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தட்டோடு வந்துவிட்டார்கள். ஆறிப்போன சாப்பாடு. கடல் காற்று நன்றாகத்தான் வந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. காவல்காரர் நான்கு மணிக்குத் திரும்பினார். ஃபேன் நிற்பதைப் பற்றி யாரோ அவர் காதுபடப் பேசினார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சாயங்காலம் வரை மரத்தடியிலேயே இருந்தோம்.

நான் பங்களாக் கிணற்றுப் பக்கம் போனபோது இலானா வந்தாள்.

"உனக்கு என்ன ஆச்சு? ஒரு சுவிட்ச். ஒரே ஒரு சுவிட்ச். உனக்கென்ன தடை?"

"நானும் கடைப்பிடிக்கிறேன். அக்டோபர்லேர்ந்து."

"விளையாட்டுக்கா?" என்றாள்.

"நிஜமா."

"நீ கடைப்பிடிக்கக் கூடாது சம்பா. அது எங்களுக்குக் கொடுத்தது. உனக்கு அது பாவமோ என்னமோ, எனக்குத் தெரியல. ஆனா உனக்கு இல்ல."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

"உன்னைப் பிடிக்கும்ங்கிறதுக்காக. உங்க அப்பா வர மாட்டேன்னுட்டார். ரூபென் அண்ணன் யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டார். நான் உன் பேரைச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா நடந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

அவள் பொய் சொல்ல மாட்டாள். அதுதான் பிரச்சினை. இரண்டும் நிஜம்.

பிறகு லவினா அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். மார்க்கத்தில் சேரப் படிக்கிறவர்கள் உள்ளே வருகிற வரைக்கும் ஷபாத்தை முழுசாகக் கடைப்பிடிக்கக் கூடாதாம். வாரா வாரம் ஏதாவது ஒரு சின்ன வேலை செய்து அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமாம். "நான் பாத்ரூம் கதவைச் சாத்திட்டு ஒரு தீக்குச்சி கிழிச்சு அணைச்சிடுவேன். ரெண்டு வருஷமா. வெளியில நிக்கிறோம்னு ஞாபகம் வச்சுக்க."

நான் சொன்னேன், "அப்ப ஃபேனை நீங்களே போட்டிருக்கலாம்."

அவர் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போட்டிருக்கலாம். யாரும் என்னைப் பாத்துப் புழுக்கமா இருக்குன்னு சொல்லலையே." பிறகு, "எனக்கே தோணல, செண்பகம். நானும் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மே 12, அன்றே, படகில்

ரூபென் அண்ணன் வசனம் சொல்லி எண்ணினார். இந்தத் தடவை விரல் என் முன்னால் நின்றது. எனக்கும் ஒரு சொல் கொடுத்தார். கடைசியில் ஒரு ஆள் அதிகமாக வந்துவிட்டது. முகம் சுருங்கி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் அதிகம். "யாருடா அந்த எக்ஸ்ட்ரா?" என்றான் ஷிம்ஷோன். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

இலானா படகின் அந்தக் கோடியில் இருந்தாள்.

மே 13, திங்கள்

அப்பாவுக்கு விஷயம் வந்துவிட்டது. தோட்டத்துக் குழாயைச் சுருட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"பதினாலு பிள்ளையளும் வேத்துக் கெடந்துச்சாமே. நீ பாத்துட்டு இருந்தியாம்."

"நீங்க ஏம்ப்பா சொல்லல, எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு?"

"நான் சொல்லுததுக்குள்ள நீ செருப்பெல்லாம் நனைய ஓடி வந்த. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்ல? நான் வாக்குக் குடுத்துட்டேன். அவிய என்னய நம்பி அனுப்புனாவ."

"என் கைய வச்சு நீங்க வாக்குக் குடுத்தீங்க."

அப்பா குழாயைக் கீழே போட்டார். "பதினோரு வருசமா நான் போடுதேன். எனக்கு ஒண்ணும் கொறஞ்சி போயிரல. அவிய கும்பிட வெளிச்சம் போடுதேன். அதுல என்ன கேவலம்?"

கேவலம் என்று நான் சொல்லவே இல்லை. அப்பாவை அவர்கள் வேலைக்கு என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னைச் சிநேகிதி என்று சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "ஃபேன் போட ஆளு வேணும்னா ஆளுன்னு கூப்பிடணும். முறுக்குக்கு விதி சொன்னாவள்லா, இதுக்கும் ஒரு விதி வைக்கச் சொல்லு."

அம்மா என் பக்கம் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனாலும் அழுகை வந்தது, கோபமும் வந்தது. அரிசி களைந்து உலை வைத்தேன்.

மே 15, புதன்

ரூபென் அண்ணன் வந்தார். அப்பா நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"உன்கிட்ட நேரா கேட்டிருக்கணும். வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் நேரா கேக்க எங்களுக்கு எந்தத் தடையும் இல்ல. சனிக்கிழமைதான் தடை. நான் முன்னாடியே கேக்கல."

"கேட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் கேக்கல."

மன்னிப்பு என்றார். சரி என்றேன். இனி ஞாயிறுக் கூட்டத்துக்கு வருவாய்தானே என்றார். தெரியவில்லை என்றேன். பதிவேட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் போன பிறகு அப்பா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் ஓர் இடத்தில் வழிந்திருக்கிறது, மறுபடி அடிக்க வேண்டும் என்றார்.

இலானாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

மே 16, வியாழன்

ஒன்றும் இல்லை. கேட்டில் இரண்டாம் பூச்சு.

மே 17, வெள்ளி

லவினா அக்கா முகாமிலிருந்து கிளம்புவதற்கு முன் ஒன்று கேட்டார்: "உனக்கு உள்ள வரணுமா, இல்ல அவங்களோட இருக்கணுமா?" இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை என்றார். ஐந்து நாளாக அதையே யோசிக்கிறேன். எனக்குப் பாட்டு பிடிக்கும். அந்த எழுத்துகள் பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள் உலகத்தை அப்படியே விட்டுவைப்பது பிடிக்கும். இலானாவைப் பிடிக்கும். எது எதனால் என்று பிரிக்க வரவில்லை.

நாளை மாடிக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பிறகு, எதற்காக நான் போகாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பதினோரு வருஷமாக அந்தக் கைப்பிடியைத் தேய்ப்பது நான். சாய்ந்து உட்காரவாவது செய்யலாம்.

அப்பாவிடம் சொன்னேன், "நாளைக்கு மாடியில இருப்பேன். ஆனா சுவிட்ச் நான் போட மாட்டேன்."

"ஒன்னயப் போடச் சொல்லி யாரு சொன்னா?" என்றார். பிறகு, "நான் இருக்கேம்லா," என்றார்.

மணி ஆறு இருபது.

மே 18, சனி

மதியம் மூன்று மணி. நட்சத்திரம் வர இன்னும் நாலரை மணி நேரம் இருக்கிறது. வெளியே நல்ல வெயில். பேனா எடுத்தேன்.

காலையில் மாடிக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். குழல் விளக்கு எரியவில்லை. அப்பா கீழே கேட்டில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபம் பாதியில் இருக்கும்போது இலானா வந்தாள். முன் வரிசையில் அவள் அம்மா பக்கத்தில் இடம் இருந்தது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தை எனக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்தாள். அந்த இருட்டில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. நான் மனப்பாடமாகச் சொன்னேன், அவள் என் உதட்டைப் பார்த்துச் சொன்னாள்.

முன்னாலிருந்து ஓர் ஆன்ட்டி பாதி திரும்பி, எங்கள் தலைக்கு மேல் இருந்த காற்றிடம், "இன்னைக்கு மாடி ரொம்ப இருட்டா இருக்கே," என்றார்.

என் முதுகு நிமிர்ந்துவிட்டது. இலானா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரத்துல பழகிடும் ஆன்ட்டி," என்றாள்.

நோட்டை மூடுகிறேன். லவினா அக்காவின் ஒரு தீக்குச்சி எரிகிற நேரம்தான் எழுத வேண்டும்.